‘வந்தால்’ என்பதில் ‘வில்’ இல்லை

மாலை ஆறு மணிக்குக் கழக்கூட்டம் சந்திப்பில் பாலத்துக்கு மேலே ஒரு நெரிசல், கீழே ஒரு நெரிசல். கீழே நடப்பவர்களில் பலர் கழுத்தில் அடையாள அட்டை. 1990-இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகத் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இங்கேதான் இருக்கிறது. உள்ளே கட்டடங்களுக்கு ஆற்றுப் பெயர்கள்: நிளா, பம்பா, பவானி. ஈரோட்டுக்காரர் யாராவது ‘பவானி’ என்ற பலகையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். நாகர்கோவில், மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கமிருந்து ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்து சேரும் தமிழர்களுக்கு இந்த வளாகத்தில் பஞ்சமில்லை.

அவர்களில் ஒருத்தியை இந்த அத்தியாயத்துக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். நாகர்கோவில் பெண், பிளஸ் டூ வரை தமிழ் வழி, ஒரு சப்போர்ட் டீமில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஷிப்ட் முடிவதற்குள் அடுத்த அணிக்கு ஹேண்ட்ஓவர் மெயில் எழுத வேண்டும். அவள் எழுதிய முதல் வரி இது: “இஃப் தி கிளையன்ட் வில் அப்ரூவ் திஸ், வி வில் டெப்ளாய் டுநைட்.” கிளையன்ட் ஒப்புதல் கொடுத்தால் இன்று இரவே ஏற்றிவிடுவோம் என்பது பொருள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த டீம் லீட், கொல்லத்துக்காரர், திரையை எட்டிப் பார்த்தார். “மோளே, ஆத்யத்தெ வில் வேண்டா.”

“ஏன் சேச்சி?”

“கேட்டால் சரியல்லா. அத்ரதன்னெ.”

காரணம் சேச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் வாயில் வந்த முதல் சொல்லிலேயே விடை இருந்தது: ‘கேட்டால்’. தமிழிலும் மலையாளத்திலும் அச்சு அசலாக ஒரே சொல். அதில் ‘கேட்கும்’ இல்லை, ‘கேட்பேன்’ இல்லை. எதிர்காலத்தின் அடையாளம் எதுவுமே இல்லை.

ஆங்கிலத்தில் அடிப்படையான மோடல் துணைவினைகள் ஒன்பது: கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். தனி வாக்கியத்தில் இவற்றைப் போடுவது பெரிய வித்தை இல்லை. “ஐ கேன் கம்”, “யூ மஸ்ட் சைன்” எல்லாம் எட்டாம் வகுப்புச் சமாச்சாரம். தகராறு, ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் வந்து உட்காரும்போதுதான். தமிழில் இந்த வேலையைச் செய்யும் லாம், வேண்டும், முடியும், கூடும், கூடாது ஆகியவை பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் நிற்கும். ‘என்று’ வரும் இடங்களை விட்டால், முற்றுவினை கடைசியில் ஒன்றுதான். அதற்கு முன்னால் வருபவை வந்து, வந்தால், வரும்போது, வர என்று எச்சமாகவே நின்றுவிடும். ஆங்கிலத்தில் இஃப், வென், தட் என்று தொடங்குகிற ஒவ்வொரு சார்பு வாக்கியத்துக்கும் சொந்தமாக ஒரு முற்றுவினை வேண்டும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி எழுகிறது: இங்கே மோடல் போடுவதா, வேண்டாமா, போட்டால் எது?

இதற்கு நூறு விதிகளை மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு அத்தனை தேவையில்லை. அந்தச் சார்பு வாக்கியத்தை ஒரு தரம் தமிழில் சொல்லிப் பார்த்து, வினை எந்த ஒட்டில் முடிகிறது என்று கவனித்தால் முக்கால்வாசி வழி தெரிந்துவிடும்.

ஆல்

‘மழை பெய்தால்’ என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பெய்யப் போவது நாளை. ஆனால் சொல்லுக்குள் இருப்பது ‘பெய்த’ என்ற இறந்தகால வடிவம். பழந்தமிழில் இந்த இடத்தில் ‘பெய்யின்’ என்பார்கள். செய்து, செய்பு என்று பன்னிரண்டு வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும் நன்னூல், ‘செயின்’ என்பதை எதிர்காலத்துக்குரியவற்றோடு வைத்தது. பிற்காலத்தில் செயினை ‘செய்தால்’ ஓரங்கட்டிவிட்டது. வடிவம் இறந்தகாலம், பொருள் வருங்காலம் என்ற விசித்திரத்தை இன்று தமிழர் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. “இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ” என்று நிகழ்கால வடிவத்தை வைத்து எதிர்காலத்தைப் பேசுகிறது. ஆகவே விதி எளிது: தமிழில் ‘ஆல்’ வந்தால் ஆங்கிலத்தில் ‘வில்’ வராது. “இஃப் தி கிளையன்ட் அப்ரூவ்ஸ் திஸ், வி வில் டெப்ளாய் டுநைட்.” சேச்சிக்குக் காது உறுத்திய இடம் சரியாகிவிட்டது.

இதைவிட அழகான பொருத்தம் ஒன்று, நடக்காமல் போனதைப் பேசும் வாக்கியத்தில் இருக்கிறது. “தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.” இதை ஆங்கிலத்தில் எழுதும் பலர், “இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ” என்று இரண்டு பக்கமும் ‘வுட்’ போடுகிறார்கள். அமெரிக்கப் பேச்சிலும் இது காதில் விழும். எழுத்தில் பிழையாகவே கொள்வார்கள். தமிழ் வாக்கியத்தில் ‘ப்பேன்’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் போதும். ஒரே தடவை, இரண்டாம் பாதியில். ‘வுட்’டுக்கும் அங்கே மட்டும்தான் வேலை: “இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ.” ‘தெரிந்திருப்பேனால்’ என்று எந்தத் தமிழரும் சொன்னதில்லை.

‘இஃப்’ வந்தால் மோடலே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. பயிற்சி வகுப்புகளில் அப்படிச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் “இஃப் யூ கேன் கம்” என்று எழுதக்கூடப் பயப்படுவதைப் பார்க்கலாம். தமிழில் ‘வர முடிந்தால்’ என்று முடியும் என்பதே ஆல் ஏற்கிறதே. அங்கே ‘கேன்’ தாராளமாக வரலாம். ‘போயே ஆகவேண்டும் என்றால்’ என்ற இடத்தில் ‘மஸ்ட்’ வரும்: “இஃப் யூ மஸ்ட் கோ”. ‘ஷுட்’டுக்குத் தமிழ் வைத்திருக்கும் சொல்லோ கைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது: நேர்தல். “ரயிலைத் தவறவிட நேர்ந்தால் போன் செய்யுங்கள்” என்பது “இஃப் யூ ஷுட் மிஸ் தி டிரெயின், கால் மீ.” நேராது என்ற நம்பிக்கையும் நேர்ந்துவிட்டால் என்ற முன்யோசனையும் இரண்டு மொழியிலும் ஒரே அளவில் இருக்கின்றன. அலுவலக மெயில்களின் கடைசி வரியில் ‘இஃப்’பைக் கழற்றிவிட்டு “ஷுட் யூ நீட் எனிதிங் ஃபர்தர்” என்று தலைகீழாக நிற்பதும் இதே ஆள்தான். கேள்விக்குறி போட்டுவிடக் கூடாது. அது கேள்வி இல்லை.

‘வில்’லுக்கும் ஒரு சலுகை உண்டு. எதிர்காலத்தை அல்லாமல் மனசு வைப்பதைச் சொன்னால் அது இஃப்புக்குள் வரலாம். “இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் தி மேனேஜர்” என்பது, கொஞ்சம் காத்திருக்கச் சம்மதம் என்றால் மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்று பணிவாகச் சொல்வது. ‘வில்’லை ‘வுட்’ ஆக்கினால் பணிவு இன்னும் ஒரு படி கூடும். இன்னொரு வகை, ‘உதவும் என்றால்’: “இஃப் இட் வில் ஹெல்ப், ஐ கேன் ஸ்டே பேக்.” இங்கே தமிழிலேயே ‘உதவினால்’ என்று ஆல் வரவில்லை, ‘உதவும்’ என்ற முற்று முழுசாக நின்று, அதற்குப் பின்னால் ‘என்றால்’ வந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘வில்’ முழுசாக நிற்கிறது.

உம்போது, உம்வரை

ஆல் காப்பாற்றுகிறது என்றால், காலை வாருவது இது. ‘அவர் வரும்போது’, ‘நான் சொல்லும்வரை’, ‘அவர்கள் கிளம்புவதற்கு முன்’: இந்த மூன்றிலும் எதிர்கால வாசனை அடிக்கிறது. அதனால்தான் “வென் ஹி வில் கம்”, “அன்டில் ஐ வில் டெல் யூ”, “பிஃபோர் தே வில் லீவ்” என்ற பிழைகள் பிறக்கின்றன. இஃப்பில் தடுமாறாதவர்கள்கூட வென்னில் விழுவார்கள். ‘வந்ததும்’, ‘வந்த பிறகு’ என்பவற்றில் வடிவம் இறந்தகாலம் என்பதால் அந்த ஆபத்து குறைவு.

நேரத்தைக் குறிக்கும் வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் எதுவானாலும் எதிர்காலத்துக்கு ‘வில்’ போடாமல் நிகழ்கால வடிவம் போட வேண்டும்: “டோன்ட் ரீஸ்டார்ட் அன்டில் ஐ டெல் யூ.” கேன், மஸ்ட் போன்றவை இங்கேயும் தடையில்லாமல் வரலாம்: “கால் மீ வென் யூ கேன்.”

ஆனால் அதே வென், அதே இஃப், வேறு வேஷத்திலும் வரும். “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” என்பது நூற்றுக்கு நூறு சரி. “ஆஸ்க் ஹிம் இஃப் ஹி வில் கம்” என்பதும் சரி. இதைப் பார்த்துத்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது. இங்கேயும் தமிழே கைகொடுக்கும். முதல் வாக்கியம் தமிழில் ‘எப்போது வருவார் என்று தெரியாது’, ‘வரும்போது’ இல்லை. இரண்டாவது ‘வருவாரா என்று கேள்’, ‘வந்தால்’ இல்லை. ‘என்று’ வந்துவிட்டால் அதற்கு முன் ‘வருவார்’ என்ற முற்று உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வில்’லும் உயிரோடு இருக்கும். ஒரே ‘இஃப்’புக்குத் தமிழில் இரண்டு உருவம் இருப்பது, ஆங்கிலேயருக்குக் கிடைக்காத சௌகரியம்.

என்று

இந்தச் சின்னச் சொல்தான் தமிழர் ஆங்கிலத்தில் அதிகம் சறுக்கும் இடம். சறுக்கலுக்குக் காரணம் அதன் நல்ல குணமே. ‘என்று’ ஓர் உத்தமமான தூதர். சொன்னவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கொண்டுவந்து கொடுக்கும். “நாளைக்கு அனுப்புவேன் என்று சொன்னார்.” சொன்னது நேற்று; ‘அனுப்புவேன்’ அப்படியே இருக்கிறது. காலமும் மாறவில்லை, தன்மைகூடப் படர்க்கையாக மாறவில்லை.

ஆங்கிலத் ‘தட்’ அப்படிப்பட்டதில்லை. “ஹி செட்” என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், உள்ளே இருக்கும் மோடலையும் ஒரு படி கீழே இறக்கும். வில் வுட்டாகும், கேன் குட்டாகும், மே மைட்டாகும். ஷல் பெரும்பாலும் வுட்டாகவும், “ஷல் ஐ ஓபன் இட்” என்பது போன்ற கேள்வியில் ஷுட்டாகவும் மாறும். குட், வுட், மைட், ஷுட் நான்கும் ஏற்கெனவே கீழ்ப்படியில் இருப்பதால் அசையாது. மஸ்ட்டுக்கு இரண்டு வழி: அப்படியே விடலாம், அல்லது ‘ஹேட் டு’ ஆக்கலாம்.

இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் பெரிதாக எழுதாத ஒன்று, அலுவலகத்தில்தான் புரியும். “தி வெண்டர் செட் தி பேட்ச் வில் பி ரெடி ஆன் ஃப்ரைடே” என்பதும் பிழையில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்றால் ‘வில்’லை அப்படியே விட ஆங்கிலம் அனுமதிக்கிறது. ஆனால் தொனி வேறு. ‘வில்’ என்று எழுதினால், வெண்டர் சொன்னதோடு எழுதுகிறவரும் அதை நம்புவதுபோல் ஒலிக்கும். ‘வுட்’ என்று எழுதினால், அவர் அப்படிச் சொன்னார், அவ்வளவுதான் என்று ஒதுங்கி நிற்கும். தமிழில் இந்த ஒதுங்கலுக்கு ‘அனுப்புவதாகச் சொன்னார்’ என்ற வடிவம் இருக்கிறது. ‘அனுப்புவேன் என்று சொன்னார்’ என்பதற்கும் ‘அனுப்புவதாகச் சொன்னார்’ என்பதற்கும் இடையில் உள்ள மெல்லிய சந்தேகத்தைத் தமிழர் காது பிடித்துவிடும். அந்த ‘ஆக’தான் ‘வுட்’. கிளையன்டுக்கு எழுதும் மெயிலில் இதைக் கவனிக்காமல் ‘வில்’ போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை பேட்ச் வராமல் போனால், வெண்டரின் வாக்குறுதிக்கு மெயில் எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கழக்கூட்டத்தில் இந்தத் தூது வேலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஆங்கிலத்துக்கே போகாமல் வழியில் நடப்பது. நாகர்கோவில் பெண் ஒரு கோளாறைச் சரிசெய்யச் சொல்லி மலையாளச் சகா ஒருவரிடம் கேட்கிறாள். அவர், “ஞான் நாளெ செய்யாம்” என்கிறார். அவள் அதைத் தமிழ்க் காதால் கேட்டு, ‘செய்யலாம்’ என்று எடுத்துக்கொண்டு, மெயிலில் “ஹி செட் ஹி மே டூ இட் டுமாரோ” என்று எழுதுகிறாள். செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்று ஆகிவிட்டது. சகாவுக்குக் கோபம். அவர் சொன்னது வாக்குறுதி. மலையாளத்தில் தன்மையில் வரும் ‘செய்யாம்’, ‘செய்து தருகிறேன்’ என்று பொறுப்பேற்பது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதற்கு அங்கே ‘செய்தேக்காம்’ என்று வேறு வடிவம் இருக்கிறது. தமிழின் ‘செய்யலாம்’, மலையாளத்தின் ‘செய்யாம்’ இரண்டின் கடைசியிலும் நிற்பது ஒரே ‘ஆம்’; ஆகும் என்பதன் குறுக்கம். ஒரே வீட்டில் பிறந்து, ஒன்று தயங்குகிறது, ஒன்று சத்தியம் செய்கிறது. அவள் எழுதியிருக்க வேண்டியது: “ஹி செட் ஹி வுட் டூ இட் டுமாரோ.”

இப்படிப்பட்ட உறவுமுறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் டெக்னோபார்க்குக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, மேனம்குளத்தில் இருக்கிறது என்பது அங்கே வேலை செய்யும் பலருக்குத் தெரியாது. பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி அது. அதை உருவாக்கிய வ.அய். சுப்பிரமணியம் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தவர். 1971-இல் திராவிட மொழியியல் கழகத்தைத் தொடங்கியவர். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

‘என்று’ வரிசையில் ஹோப், விஷ் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இந்திய மெயில்களில் “ஐ ஹோப் யூ வுட் கன்சிடர்” என்பது தொற்றுநோய்போல் பரவியிருக்கிறது. ‘வுட்’ போட்டால் மரியாதை கூடும் என்ற நினைப்பு. நம்பிக்கைக்கு ‘வில்’தான்: “ஐ ஹோப் யூ வில் கன்சிடர்.” ‘ஹோப்டு’ என்று இறந்தகாலமானால் மட்டும் ‘வுட்’. ‘விஷ்’ நேர் எதிர். நடக்காது என்ற அலுப்போடு வரும் ஆசை அது, “இந்த பஸ் வந்து தொலையக் கூடாதா” என்று கழக்கூட்டம் நிறுத்தத்தில் நின்று புலம்புவது “ஐ விஷ் தி பஸ் வுட் கம்.” அங்கே ‘வில்’ ஒருபோதும் வராது. தன்னைப் பற்றியே “ஐ விஷ் ஐ வுட்” என்றும் யாரும் சொல்வதில்லை. தன்னை எதற்குத் தானே தொலையச் சொல்வது?

இன்னும் கொஞ்சம் வழுக்கலான இடம் சஜஸ்ட், இன்சிஸ்ட், ரிக்வெஸ்ட். “ஹி சஜஸ்டட் மீ டு ரீஸ்டார்ட்” என்பது பரவலான பிழை. சஜஸ்ட்டுக்குப் பின் ‘தட்’ வர வேண்டும். பிரிட்டிஷ் பழக்கத்தில் “ஹி சஜஸ்டட் தட் வி ஷுட் ரீஸ்டார்ட் இட்”, அமெரிக்கப் பழக்கத்தில் ஷுட் இல்லாமல் “தட் வி ரீஸ்டார்ட் இட்”. அந்த மொட்டை வினை, படர்க்கை ஒருமையில் கண்ணை உறுத்தும்: “வி ரிக்வெஸ்ட் தட் தி சர்வர் பி ரீஸ்டார்டட்.” ‘இஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பி’ எப்படி என்று கை தானாகத் திருத்தப் போகும். திருத்தக் கூடாது. தமிழ் விண்ணப்பங்களில் ‘விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறோமே, அந்த ‘உமாறு’தான் இந்த மொட்டை வினை. வழங்குவார் என்றும் இல்லை, வழங்கினார் என்றும் இல்லை, வெறும் கோரிக்கை.

இன்சிஸ்ட்டில் ஒரு எழுத்து அர்த்தத்தையே புரட்டும். “ஷி இன்சிஸ்ட்ஸ் தட் ஹி லீவ்ஸ் அட் ஃபைவ்” என்றால், அவன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறான் என்று அடித்துச் சொல்கிறாள். “தட் ஹி லீவ் அட் ஃபைவ்” அல்லது “ஹி ஷுட் லீவ்” என்றால், ஐந்து மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துகிறாள். முதலாவது புகார், இரண்டாவது கட்டளை.

நோக்கம் சொல்லும் ‘ஸோ தட்’ சுலபம். முதன்மை வாக்கியம் நிகழ்காலமானால் கேன் அல்லது வில், இறந்தகாலமானால் குட் அல்லது வுட். ‘லெஸ்ட்’ வந்தால் ‘ஷுட்’ என்று பள்ளியில் போட்ட மனப்பாடம் தேர்வுக்குப் போதும். ஷுட் இல்லாமல் மொட்டை வினையும் அங்கே செல்லும். அலுவலகத்தில் லெஸ்ட் எழுதுகிறவர் அபூர்வம்.

ஹூ ஷல், விச் மே நாட்

பெயரெச்சம்போல் ஒரு பெயரைத் தழுவி நிற்கும் ஹூ, விச் வாக்கியங்களில் மோடல் போடும்போது கை நடுங்க வேண்டும். ஒரு சொல் எவ்வளவு கனக்கும் என்பதற்கு இந்திய அரசமைப்பின் 74-ஆம் பிரிவு சாட்சி. குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்பதோடு 1950-இல் அந்த வாக்கியம் நின்றது. ஆலோசனைப்படி நடந்தே ஆக வேண்டுமா என்று அது வாய்திறந்து சொல்லவில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தம், ‘குடியரசுத் தலைவர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஹூ ஷல்’ என்று தொடங்கும் ஒரு சார்பு வாக்கியத்தைச் சொருகியது. ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும் என்றாகிவிட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் ஒரு ‘மே’யைச் சேர்த்தது: மறுபரிசீலனை செய்யும்படி அவர் அமைச்சரவையைக் கேட்கலாம். மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனைக்கு மறுபடியும் ‘ஷல்’. நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கு எவ்வளவு இடம் என்பதை இந்த மோடல்கள்தான் அளந்து கொடுத்திருக்கின்றன.

மென்பொருள்காரர்களுக்கும் இதுபோல் ஒரு சட்டம் உண்டு. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும்போது மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்பதை 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வரையறுத்தது. மஸ்ட்டும் ஷல்லும் ஒன்றே: தப்ப முடியாது. ஷுட்: தக்க காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு மீறலாம். மே: விருப்பம்போல். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8174, இந்தச் சிறப்புப் பொருள் பெரிய எழுத்துகளில் எழுதும்போது மட்டுமே என்று தெளிவாக்கியது. மஸ்ட் நாட், ஷல் நாட், ஷுட் நாட் மூன்றுக்கும் அந்த வரையறையில் இடம் உண்டு. ‘மே நாட்’ இல்லை.

ஏன் இல்லை என்பது நாகர்கோவில் பெண்ணின் மேஜையிலேயே தெரிந்தது. ஹேண்ட்ஓவர் மெயிலை அவள் திருத்திக்கொண்டே வந்தாள். முதல் வரியில் ‘வில்’ போயிற்று. “வென் தி நைட் டீம் வில் லாக் இன்” என்பது “வென் தி நைட் டீம் லாக்ஸ் இன்” ஆயிற்று. சகாவின் ‘மே’ ‘வுட்’ ஆனது. அவரிடம் அதைக் காட்டி ஒரு சுலைமானித் தேநீரும் வாங்கிக் கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு வரி மிச்சம். பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது: “தி ஃபீல்ட், விச் மே நாட் பி நல், இஸ் ரெட் ஃபர்ஸ்ட்.”

அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று தடுக்கிறதா? காலியாக இல்லாமலும் இருக்கலாம் என்று வாய்ப்பைச் சொல்கிறதா? ‘மே நாட்’ இரண்டையும் தாங்கும். தமிழில் ‘கூடாது’ என்றும் ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்றும் இரண்டு துருவமாக நிற்பவை, ஆங்கிலத்தில் ஒரே உடையில் வந்து நிற்கின்றன. தடை என்றால் ‘மஸ்ட் நாட்’ என்று எழுத வேண்டும். வாய்ப்பு என்றால் ‘மைட் நாட்’. எது என்று இலக்கணத்தால் சொல்ல முடியாது. எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

சேச்சியிடம் கேட்டாள். சேச்சி இரண்டு தரம் படித்துப் பார்த்து, “எனிக்கு அறியில்ல மோளே, அவனெ விளி,” என்றார்.

அவள் டெவலப்பருக்குப் போன் செய்தாள். அவர் மதுரைக்காரர், வீட்டுக்குக் கிளம்பிப் பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். வரியைப் படித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது.

“அது நான் எழுதினது இல்லம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினதை அப்படியே காப்பி பண்ணினேன். நானும் மூணு வருஷமா அதைக் ‘கூடாது’ன்னுதான் படிச்சிட்டு இருக்கேன்.”